இரண்டாம் சரணத்தில் ஒரு விசும்பல்

ஜனவரி 9

மதிப்புள்ள முதலாளி ஐயாவுக்கு,

மாடி அறையிலிருந்து எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவது வரைதான் படிப்பு, அதற்குப் பிறகு கையில் ஊசி வந்துவிட்டது. போனில் பேசலாம் என்றால் எண் சுழற்றும் வட்டத்தில் பூட்டு தொங்குகிறது. சாவி உங்களிடம் என்கிறார்கள். நீங்களோ கடல் தாண்டி ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வந்த விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் இறந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. அது தெரிந்தவர்கள் ஐந்து பேர். நீங்கள், நான், ஆஸ்பத்திரி டாக்டர், ஒலிப்பதிவுக்காரர், வாசலில் இருக்கிற வாட்ச்மேன். ஊருக்கெல்லாம் அவள் இன்னும் உங்கள் கம்பெனியின் 'சின்னக்குரல்'. வெளியே தலைகாட்டாமல், யாரோடும் பேசாமல், மாதத்துக்கு நாலு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

பாடுவது நான்.

ஆஸ்பத்திரி நடையில் நீங்கள் என் காலைப் பிடித்தது உங்களுக்கு மறந்திருக்காது. "அக்கா, அவ கடைசிப் பாட்டு பாதியில நிக்குது. பல்லவி பாடிட்டா, முதல் சரணம் பாடிட்டா. மிச்சம் இல்லேன்னா டேப்பைத் தூக்கித்தான் போடணும். உங்க குரல் அச்சு அசல் அவ குரல். ஒரே ஒரு சரணம்க்கா" என்றீர்கள். என் பாப்பா பாடியதைக் குப்பையில் போடப் போகிறார்களே என்று நான் போய் நின்றேன். ஒரு சரணம் என்று போனவள் இன்றைக்கு இருபதாவது பாட்டில் நிற்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள். பேப்பரில் ஒரு ஓரத்தில் போட்டாலும் போதும். நான் வீட்டுக்குப் போய், என் மகளுக்காக நாலு பேர் அறிய அழ வேண்டும். பழையபடி சட்டைக்குக் காஜா எடுத்துப் பிழைத்துக்கொள்வேன்.

மயானத்துப் புத்தகத்தில் அவள் பெயருக்குப் பதிலாக உங்கள் சித்தி பெயரை எழுதியிருக்கிறீர்களாம். அதையும் மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன், அழுதேன், சாப்பிட்டேன், மறுபடி படித்தேன். ஓட்டல்காரர்களின் டைப் மெஷினில் நானே தட்டித் தட்டி எழுதுகிறேன். உங்கள் மேல் எவ்வளவு மரியாதை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். நேரம்தான் கூடிவரவில்லை. ஒரு பாடகி இறந்தால் செய்தி ஒரு வாரம் ஓடும், கேசட் ஒரு மாதம் ஓடும். அப்புறம்? உயிரோடு இருந்தால் வருஷா வருஷம் ஓடலாம். அவள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று அந்நிய மண்ணில் தனி ஆளாக நான் பாடுபடுகிறேன். பெற்ற தாயே குறுக்கே நின்றால் எப்படி?

இன்னொன்று. அவள் பாதியில் விட்ட அந்தப் பாட்டில், இரண்டாம் சரணத்தில், மூன்றாம் வரிக்கு முன்னால் உங்களை அறியாமல் ஒரு விசும்பல் வந்ததே! ஒலிப்பதிவுக்காரர் அதை வெட்டப் போனார். "கை வெச்சே, விரலை ஒடிச்சுடுவேன்" என்று தடுத்தவன் நான். இன்றைக்கு ஜனங்கள் கேசட் வாங்குவதே அதற்காகத்தான். பாட்டுக்கு ஒன்று, இரண்டாம் சரணத்தில், தவறாமல் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். கலைக்கு நீங்கள் செய்த தொண்டு அது.

சித்தி விஷயம் எனக்கும் மனவருத்தம்தான். மயானத்துச் சீட்டு எப்படியோ அவள் வேலை பார்த்த ஆபீசுக்குப் போய், பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். "நான் சாகலை, சாகலை"ன்னு தினமும் போய் வரிசையில் நிற்கிறாளாம். "நீங்க செத்துட்டதா எழுதியிருக்கே பாட்டி"ன்னு சொல்லி அனுப்பிவிடுகிறார்களாம். குடும்பத்தில் எல்லாரும் ஏதோ ஒரு தியாகம் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு வார்த்தை மட்டும். இதுவரை பாடியது உங்கள் குரல். நாளைக்குக் கம்பி எண்ண வேண்டி வந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் எண்ண வேண்டியிருக்கும். பயமுறுத்தவில்லை, கூடப்பிறந்தவனாகச் சொல்கிறேன்.

என்றும் உங்கள்,
தம்பி


பிப்ரவரி 2

ஐயா,

இங்கே இருக்கிற இருப்பைச் சொல்கிறேன். என் அறை ஜன்னலுக்கு மெத்தை வைத்து அடித்திருக்கிறது. தெருச் சத்தம் உள்ளே வரக் கூடாதாம். சுவரெல்லாம் துணி. கைதட்டினால் கை தட்டிய சத்தம்கூடத் திரும்பி வராது. மழை பெய்ததா என்று வாட்ச்மேன் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

போன மாதம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். கதவைத் தட்டினார் ஒலிப்பதிவுக்காரர். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒரு நிமிஷம் நிறுத்தி வைங்க, மைக் மாட்டிட்டு வந்துடறேன். தண்ணியையும் மூடிடுங்க, இரைச்சலா இருக்கு." அவர் நல்லவர்தான். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நீங்கள் அப்படி உத்தரவு போட்டிருக்கிறீர்களாம். நான் எங்கே அழுதாலும் பதிவு செய்ய வேண்டும், கம்பெனி சொத்து.

அன்றிலிருந்து எனக்குக் கண்ணீர் வரவில்லை. நடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து அவள் முகத்தை நினைக்கிறேன். அழுகை வருகிற மாதிரி இருக்கிறது. உடனே 'இதை எடுத்துக்கொள்வார்கள்' என்று ஒரு நினைப்பு வருகிறது. அவ்வளவுதான், நின்றுவிடுகிறது.

வாட்ச்மேன் ரேடியோவில் ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். எட்டு வயசுப் பெண் குழந்தை, பாப்பாவின் பாட்டைப் பாடியது. இரண்டாம் சரணம் வந்ததும் நான் விசும்பியது போலவே விசும்பியது. நடுவர் சொன்னார்: "நல்லா இருக்கும்மா கண்ணு. விசும்பல் மட்டும் இன்னும் கொஞ்சம் அடிவயித்துல இருந்து வரணும்." நான் எழுந்து கேட்டுக்குப் போனேன். "கதவைத் திற, நான் போறேன்" என்றேன்.

"அம்மா, நீங்க தெருவுல இறங்கினா 'பாப்பா எங்கே'ன்னுதான் முதல்ல கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"செத்துட்டான்னு சொல்லுவேன்."

"அப்போ இத்தனை நாளா பாடினது யாருன்னு கேப்பாங்களே?"

திரும்பி மாடி ஏறிவிட்டேன். இனிமேல் விசும்பல் என்னிடம் கேட்காதீர்கள். இருந்தால் கொடுக்க மாட்டேனா?

பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 11

அன்பு அக்கா,

நீங்கள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே ஏழு ஊர்க் கச்சேரிக்காரர்களிடம் புதுக் கேசட் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்துப் பாட்டு, பத்து விசும்பல். ஒன்று குறைந்தாலும் என்னை உரித்துவிடுவார்கள்.

மனம் தளர வேண்டாம். எனக்கு அனுபவம் உண்டு. முதலில் வெங்காயம் முயன்று பாருங்கள். மைக்குக்குப் பக்கத்தில் நறுக்கக் கூடாது, கத்திச் சத்தம் விழும். ஒலிப்பதிவுக்காரரை அடுத்த அறையில் நறுக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது ஒத்துவராவிட்டால் இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். நம் பாப்பா கடைசியாகப் போட்டிருந்த செருப்பு. என் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். பாடுவதற்கு முன்னால் மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்காருங்கள்.

இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒலிப்பதிவு செய்ய யாரும் இல்லாமல் வீணாகப் போனது.

உங்கள் தம்பி


பிப்ரவரி 20

ஐயா,

வெங்காயத்துக்கு ஒலிப்பதிவுக்காரர் அழுதார். எனக்கு மூக்கு ஒழுகியது. பாட்டில் உறிஞ்சும் சத்தம்தான் விழுந்தது.

செருப்பு வந்தது. பிரித்துப் பார்த்தேன். அடியில் தேய்மானம் இல்லை. உள்பக்கம் கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கிறது. என் மகளுக்கு ஐந்தாம் நம்பர் கால். இது எட்டு. பெற்றவளுக்குக் கால் தெரியாதா? நீங்கள் தங்கியிருக்கிற ஓட்டல் வாசலில் வாங்கி அனுப்பியிருக்கிறீர்கள். வாட்ச்மேனுக்குச் சரியாக இருந்தது. போட்டுக்கொண்டிருக்கிறார்.

செருப்பில் பொய் சொல்கிற ஆள் வேறெதில் சொல்லியிருக்க மாட்டார் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் கடைசி நாளில் என்ன நடந்தது? "தூக்கத்துல போயிட்டாக்கா, ஒரு வேதனையும் இல்லை" என்று சொன்னீர்கள். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது முகத்தைத் துடைத்து வைத்திருந்தீர்கள். தூங்கினவள் உதட்டில் எதற்குக் கடித்த காயம்?

என்னைக் கேட்டாளா? அம்மா எங்கே என்று கேட்டாளா?

இதற்குப் பதில் எழுதுங்கள். அதுவரை மைக் முன்னால் நிற்க மாட்டேன். நீங்கள் சோறு போடாவிட்டாலும் சரி.

பாப்பாவின் அம்மா


மார்ச் 1

அக்காவுக்கு,

கேட்டீர்கள். பதில் தருகிறேன். நான் என்ன கல்லா?

மார்ச் 12 பாப்பாவின் பிறந்தநாள் என்று கம்பெனி வைத்திருக்கும் தேதி. (நிஜத் தேதி எனக்குத் தெரியும், ஆனால் அது மழைக்காலம், வியாபாரம் இருக்காது.) அன்று காலை பத்து மணிக்கு ரேடியோவில் அவளுடைய புதுப் பாட்டு ஒன்றை முதல்முதலாகப் போடுகிறார்கள். நாடு முழுக்கக் கேட்கும். அந்தப் பாட்டுக்கு ஒரு விசும்பல் வேண்டும், அக்கா. சாதாரண விசும்பல் இல்லை. அதனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதிலைக் கையால் எழுதித் தனி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். டைப் செய்தால் மனசு தெரியாது.

முறை இது. ஒலிப்பதிவுக்காரருக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன், ஒரு வரி மாறக் கூடாது:

வாத்திய இசை ஓட ஆரம்பித்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். முதல் அழுகைதான் அசல், இரண்டாவது நகல், அதனால் அதற்கு முன்னாலேயே பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். என்ன நடந்தாலும் டேப்பை நிறுத்தக் கூடாது, வெட்டக் கூடாது. போன தடவை நடுவில் யாரோ நகல் எடுத்துக் கள்ளக் கேசட் போட்டுவிட்டான். ஆகவே பாட்டு முடிந்ததும் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போட்டு நேரே ரேடியோ நிலையத்துக்குப் போக வேண்டும். பத்து மணிக்கு அவர்கள்தான் முத்திரையை உடைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு காதும் கேட்கக் கூடாது.

இது முடிந்ததும் உங்கள் ஆசையையும் நிறைவேற்றுகிறேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் பாப்பா இறக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறை, ஜனங்களுக்குக் கேசட் வாங்க நேரம் இருக்கும்.

தம்பி

(உறைக்குள், கையால் எழுதியது)

அக்கா, மைக் முன்னால் நின்றுகொண்டு படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் உண்மையை எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

அவள் தூக்கத்தில் போகவில்லை. ஒரு வாரமாகக் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஊசி போட்டுப் போட்டு மூன்று நாளில் ஆறு பாட்டு எடுத்தோம். ஏழாவது பாட்டில் முதல் சரணம் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கினாள். "முடியலை சார், அம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள். "வண்டி அனுப்பியாச்சு, வர்றதுக்குள்ள இன்னொரு சரணம் முடிச்சுடு கண்ணு" என்றேன். வண்டி அனுப்பவில்லை. அது புல்லாங்குழல்காரரை அழைத்துவரப் போயிருந்தது. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் "பாதி வழியில வந்துட்டாங்க" என்றேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பாடுங்கள், அக்கா.


மார்ச் 12, மதியம்

உங்கள் கையெழுத்து எனக்குப் புரியவில்லை.

அதுதான் நடந்தது. கொட்டை எழுத்து என்றால் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். நீங்கள் டைப் செய்து அனுப்பியதையெல்லாம் அப்படித்தான் படித்தேன். இதில் ஒரு எழுத்தும் இன்னொரு எழுத்தும் கைகோத்துக்கொண்டு ஓடுகிறது. காலை ஏழு மணிக்கு மைக் முன்னால் நின்று உறையைப் பிரித்தேன். காதில் வயலின் ஓடிக்கொண்டிருந்தது. 'அக்கா' என்பதைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

கண்ணாடியைத் தட்டினேன். ஒலிப்பதிவுக்காரர் உள்ளே வந்தார்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க தம்பி."

"டேப் ஓடுதும்மா."

"நிறுத்தக் கூடாதுன்னுதானே உத்தரவு? ஓடட்டும். படிங்க."

அவர் எனக்குப் பக்கத்தில், மைக்குக்கு நேரே நின்று படித்தார். 'வண்டி அனுப்பவில்லை' என்ற இடத்தில் நின்றுவிட்டார். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர் அவர். உங்கள் பேச்சை நம்பி, அவரும் வாசலை இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். மீதியைப் படிக்கும்போது அழுதுவிட்டார்.

நான் அழவில்லை. உங்களுக்கு நஷ்டம்தான்.

வாத்தியம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாட வேண்டிய இடம் வந்தது, போனது. அப்புறம் பேசினேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. "நான் அவளுடைய அம்மா. இத்தனை நாளும் அவ குரல்ல பாடினது நான்தான். அது தப்பு. என் பொண்ணு ஆகஸ்ட் 14ஆம் தேதி செத்துப்போயிட்டா" என்று சொன்னது நினைவிருக்கிறது. மயானத்துப் புத்தகத்தில் வேறொருத்தர் பெயர் இருக்கிறது, அந்தம்மா உயிரோடு இருக்கிறார் என்றும் சொன்னேன்.

முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரர் என்னைப் பார்த்தார். "வெட்டணுமாம்மா?"

"வெட்டக் கூடாதுன்னு உங்களுக்குத்தானே எழுதியிருக்காரு."

அரக்கைக் காய்ச்சி அவரே முத்திரை வைத்தார். ரேடியோக்காரர்கள் ஒன்பதேகாலுக்கு வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார்கள். பத்து மணிக்கு வாட்ச்மேன் கூண்டில் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். வயலினுக்கு நடுவில் ஒருத்தர் கடிதம் படிப்பது ஏதோ புது மாதிரிப் பாட்டு என்று நினைத்தார்களோ என்னவோ, கடைசிவரை நிறுத்தாமல் போட்டார்கள்.

வாட்ச்மேன் எழுந்து கேட்டைத் திறந்தார். நான் கேட்கவில்லை.

இதைப் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.


மார்ச் 24

அக்கா, அக்கா, அக்கா,

உங்களைக் கூடப்பிறந்தவள் என்று நினைத்தேனே! ஏழு ஊர்க் கச்சேரிக்காரர்களும் கீழே முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறையை விட்டு இறங்கினால் என் உடம்பில் முழுசாக எதுவும் மிஞ்சாது. சாப்பாடு கதவுக்கு அடியில் வருகிறது, கதவுக்கு அடியில் எது நுழையுமோ அது மட்டும். பத்து நாளாக ரொட்டிதான்.

சித்தி ஒருத்திதான் சந்தோஷமாக இருக்கிறாள். ரேடியோவில் நீங்கள் சொன்னதைக் காட்டி, உயிரோடு இருப்பதாக எழுதி வாங்கிவிட்டாளாம். கையோடு என் மேல் போலீசில் ஒரு புகாரும் கொடுத்திருக்கிறாள்.

நடந்தது நடந்துபோச்சு. ஆத்திரம் அடங்கிய பிறகு அந்த டேப்பை யோசித்துப் பார்த்தேன். ஊரில் எல்லாரும் அதையே பேசுகிறார்களாமே? அக்கா, அது தங்கம். 'ஒரு தாயின் வாக்குமூலம்' என்று ஒரு பக்கம், மறுபக்கம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். இசையும் சேர்த்துக்கொள்ளலாம். வில்லனாக என் பெயர் ஏற்கெனவே பரவியிருக்கிறது, விளம்பரச் செலவு மிச்சம். அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று மட்டும் போலீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நான் ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

யோசித்து உடனே பதில் போடவும். உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

தம்பி


ஏப்ரல் 6

உங்கள் கடிதம் வந்தது. போலீஸ்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவரிடமே கொடுத்துவிட்டேன். கையெழுத்தை ஒத்துப்பார்க்க இதுவும் உதவும் என்றார், இந்தத் தடவை உங்களுக்கு டைப் மெஷின் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

என்னையும் விசாரிக்கிறார்கள். பாடியது நான்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்டனை இருந்தால் இருக்கட்டும். மயானத்துப் புத்தகத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள். என் கண் முன்னால் சித்தி பெயரை அடித்துவிட்டு என் மகள் பெயரை எழுதினார்கள். அது கொட்டை எழுத்து. படிக்க முடிந்தது.

கேசட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இனி எனக்கு எழுதாதீர்கள்.

வீட்டுக்கு வந்து முதல் வாரம் வாசலில் ஒரே கூட்டம். பேப்பர்காரர்கள், பாட்டுக் கேட்கிறவர்கள். எல்லாரும் குரலைப் பற்றியே கேட்டார்கள். எப்படி அச்சாகப் பாடினீர்கள், எந்தப் பாட்டு உங்களுடையது, எது அவளுடையது. ஒரு பையன் விசும்பிக் காட்டச் சொன்னான்.

கூட்டமெல்லாம் போன பிறகு என்னோடு காஜா எடுக்கிறவள் வந்தாள். வேலை முடித்து நேரே வந்திருந்தாள், சேலையெல்லாம் நூல் பிசிறு. உட்கார்ந்தாள். சேலையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"என்ன வயசு பொண்ணுக்கு?" என்று கேட்டாள்.

அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை.

"இருபத்தாறு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாயும்வரை அழுதேன்.